பகலில் ஆள் இருக்கும் வீடு

அவளோடு வேலை பார்க்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'செக்கிங்'. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். ஒரு கம்பியில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள மற்றவர்கள் ஒயரும் சின்ன விளக்கும் உள்ள டெஸ்டரை ஒரு தடவை வைத்துப் பார்ப்பார்கள். அவளுக்கு மூன்று தடவை. முதலில், கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தில். அங்கே விளக்கு எரிந்தால் டெஸ்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, கை வைக்கப் போகிற இடத்தில். அங்கே எரியக் கூடாது. பிறகு மறுபடியும் முதல் இடத்தில், நடுவில் டெஸ்டரே போய்விடவில்லையே என்று. கரண்ட் இல்லாத கம்பியில் வைத்த டெஸ்டரும், கெட்டுப்போன டெஸ்டரும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். வேலை பழகிய வகுப்பில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்ததுதான். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் முதலில் மறந்ததும் அதைத்தான்.

"செக்கிங் ஒரு வீட்டுக்குள்ள போனா, வீட்டுக்காரன் உயிரோட இருக்கானான்னு மூணு தரம் தொட்டுப் பாத்துட்டுத்தான் வெளிய வரும்" என்பான் வேன் ஓட்டுகிற மீசைக்காரன். முன்பெல்லாம் அதற்கு அவள் சிரிப்பாள்.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வந்தவள் அல்ல. கல்யாணமாகி வந்த புதிதில், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் தையல் வகுப்பில் சேரப் போனாள். இடமில்லை என்றார்கள். பக்கத்து அறையில் எலக்ட்ரிக் வேலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பாதி பெஞ்சு காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தாள். வீட்டில் வந்து சொன்னபோது கணவன் விழுந்து விழுந்து சிரித்து, "நாலு நாள் தாக்குப்பிடிப்பியா?" என்றான். தாக்குப்பிடித்தாள். கம்பெனியில் இப்போது ஹீட்டர் டைமர் மாட்டும் வேலை என்றாலே அவளைத்தான் அனுப்புவார்கள்.

குளிர் ஊர். எல்லா வீட்டிலும் அடுப்படியில் ஒரு பாய்லர் இருக்கும். அது காய்ச்சும் தண்ணீர் ஒவ்வொரு அறைச் சுவரிலும் உள்ள ரேடியேட்டருக்குள் ஓடி வீட்டைச் சூடாக்கும். எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று பாய்லருக்குச் சொல்கிற உள்ளங்கை அளவுப் பெட்டிதான் டைமர். மாட்டி முடித்ததும் அவள் எல்லா வீட்டிலும் இரண்டு கேள்வி கேட்பாள். காலையில் எப்போது எழுந்திருப்பீர்கள்? பகலில் வீட்டில் யாராவது இருப்பார்களா? முதல் கேள்விக்குப் பதில் உடனே வந்துவிடும். இரண்டாவதற்குச் சிலர் சற்று யோசிப்பார்கள். "நாய் இருக்கும். நாயை ஆள்னு எடுத்துக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றாள்.

இந்த 'உங்க இஷ்டம்' கணவன் போன நாளில் அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஒரு சாயங்காலம் ஷூவைக் கழற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், தான் வேறு வீட்டுக்குப் போகப் போவதாகவும் அங்கே வேறு ஒருத்தி இருப்பதாகவும் அவன் சொன்னான். அவள் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உங்க இஷ்டம்" என்றாள். துடைத்த தட்டை அதன் இடத்தில் வைத்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.

கத்தியதெல்லாம் கூடவே இருந்த மாமியார்தான். பெற்ற மகனை வாசலிலேயே நிறுத்தி வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார். "அப்ப நீயும் என்கூட வந்துடும்மா" என்று அவன் கூப்பிட்டதற்கு, "நான் எதுக்கு வரணும்? ஓடறவன் நீ. இவளுக்கு யார் சமைச்சுப் போடுவா?" என்று கதவைச் சாத்தினார். அப்படித்தான் மகன் இல்லாத வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும் மிஞ்சினார்கள்.

அன்றைக்கு அவளுக்கு உள்ளே எல்லாம் மரத்துப்போனது. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்குமோ அப்படி. தொட்டால் விரலுக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை. ஊசியின் மரப்பு இறங்கிவிடும் என்று கொஞ்ச நாள் காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதும் மறந்துபோனது. சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்குப் போனாள். வீடுகளுக்குள் நுழைந்து அடுத்தவர்கள் எழுந்திருக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துவிட்டு வந்தாள்.

இதில் ஒன்று மட்டும் நின்றுபோனதை மாமியார் கவனித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷமாக, காலையில் கிளம்பும் முன் அவள் டெஸ்டரை அடுப்படி பிளக் பாயிண்டில் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவாள். டெஸ்டரைக் 'குச்சி' என்று சொல்லும் மாமியார் டீ டம்ளரோடு பக்கத்தில் நிற்பார். சிவப்பு விளக்கு எரியும். "எரியுது, கிளம்பு" என்பார். அதைக் கேட்காமல் அவள் படி இறங்கியதில்லை. கணவன் போன பிறகு டெஸ்டர் பையிலேயே கிடந்தது. வேலை செய்கிற இடத்திலும் மூன்று தடவை ஒன்றாகச் சுருங்கியது.

"என்ன செக்கிங், நீயும் எங்க ஜாதியில சேந்துட்டியா?" என்று மீசைக்காரன் கேட்டான்.

"நேரமில்ல" என்றாள்.

மகன் இப்போது அம்மாவுக்கு அடிக்கடி போன் செய்ய ஆரம்பித்திருந்தான். தான் விட்டுவிட்டுப் போன மனைவியோடு அம்மா இருந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பது அவன் கவலை. மாமியார் முதலில் வைதார், பிறகு கேட்டுக்கொண்டார், கடைசியில் வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போகச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு நேராக மருமகளிடம் வந்தார்.

"இங்க பாரு. நீ போன்னு சொன்னா போறேன். இருன்னு சொன்னா இருக்கேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ரெண்டுல ஒண்ணை நீ சொல்லணும்."

"உங்க இஷ்டம் அத்தை."

"என் இஷ்டத்தை நான் கேட்டனா? உன் இஷ்டத்தைக் கேக்கறேன்."

அவளுக்குப் பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள். உள்ளே போய்த் தேடிப் பார்த்தாள், ஒன்றும் கைக்குத் தட்டுப்படவில்லை. "அவர் நீங்க பெத்த பிள்ளை. கூப்பிடறாரு" என்றாள். "கல்லுளிமங்கி" என்று சொல்லிவிட்டு மாமியார், பீரோவின் மேலிருந்த பெட்டியை இறக்கச் சொன்னார். இறக்கிக் கொடுத்தாள்.

*

வியாழக்கிழமை அவளுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் புடவைகள் அடுக்கடுக்காக இருந்தன. மாமியார் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டு டைமர் நின்று பல நாள் ஆகியிருந்தது. பாய்லரைக் கையால் போட்டுக் கையால்தான் அணைக்க வேண்டும். புது டைமர் வாங்கி வந்து அலமாரியில் வைத்தவள் அட்டையைக்கூடப் பிரிக்கவில்லை.

"ஊரெல்லாம் சூடாக்கிட்டு வர்ற. சொந்த வீட்டுல மூக்கு உறையுது" என்றார் மாமியார். "நான் போறதுக்குள்ள அதை மாட்டு. நாளையிலேருந்து நீ வரும்போது கதவைத் திறந்தா ஐஸ் பெட்டிக்குள்ள போற மாதிரி இருக்கும். சொல்றதுக்கும் ஆள் இருக்காது."

மாட்டலாம் என்று எழுந்தாள்.

அந்த வீட்டில் வயர் தொட்டு அவளுக்குப் பழக்கமில்லை. ஆரம்பத்திலேயே கணவன் ஒரு சட்டம் போட்டிருந்தான், ஊருக்கு நீ, வீட்டுக்கு நான் என்று. பெண்டாட்டி எலக்ட்ரீஷியன் என்பதை வெளியில் பெருமையாகச் சொல்வான். ஆனால் வீட்டில் ஒரு பல்பு மாற்றக்கூட விட மாட்டான். பழைய டைமரும் அவன் மாட்டியதுதான். பல்லுப் பல்லாகச் சுற்றும் வட்டத் தகடு வைத்தது. கரண்ட் போய்த் திரும்பி வரும்போதெல்லாம் அது பின்தங்கிவிடும், மாமியார் போய்த் தகட்டைத் திருகிச் சரிசெய்வார். அவன் வேலை சரியில்லை என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். சொல்லவில்லை.

பாய்லர் பக்கத்தில் இருந்த சுவிட்சை அணைத்தாள். டைமர் இருந்தது வாசல் நடையில் இருந்த அலமாரிக்குள், இருட்டில். "அத்தை, இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க."

மாமியார் வந்து பிடித்தார். வெளிச்சம் முதலில் அவள் கண்ணில் விழுந்தது, பிறகு கூரையில், பிறகு டைமரில். திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்தாள். உள்ளே கணவனின் கைவேலை இருந்தது. தேவைக்கு மேல் நீளமான கம்பிகளை மடித்து மடித்துத் திணித்திருந்தான். நியூட்ரலுக்கு உரிய நீலக் கம்பியை, கரண்ட் வருகிற ஃபேஸுக்குப் பயன்படுத்தியிருந்தான், அதற்கு ஓர் அடையாளம்கூட ஒட்டவில்லை. அவன் கையெழுத்தைப் பார்ப்பது போல இருந்தது. கையெழுத்தைப் பார்த்தால் என்ன தோன்ற வேண்டுமோ அது தோன்றவில்லை.

டெஸ்டரை எடுத்து வைத்தாள். எரியவில்லை. சரி. டெஸ்டரைப் பையில் போட்டுவிட்டு, கம்பியை இழுக்க விரலை நீட்டினாள்.

"ஏம்மா."

"என்ன அத்தை?"

"குச்சியை அடுப்படியில வெச்சுப் பாக்கலியே."

"அதான் சுவிட்சை அணைச்சிட்டேனே."

"அணைச்சே, சரி. எப்பவும் அங்க ஒருதரம் வெப்பியே. நானும் இத்தனை நாளா பாக்கறேன், குச்சி பையைவிட்டே வெளிய வரல. போறதுக்குள்ள ஒருதரம் 'எரியுது'ன்னு சொல்லிட்டுப் போறேனே. போய் வெச்சுட்டு வா."

வாக்குவாதம் செய்வதைவிடப் போய் வருவது சுலபம். அடுப்படிக்குப் போனாள். பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்தாள். மாமியார் டார்ச்சோடு பின்னாலேயே வந்து நின்றார்.

எரியவில்லை.

பக்கத்திலேயே கெட்டில் அதே இணைப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

டெஸ்டரின் ஒயரை விரலால் நீவிப் பார்த்தாள். கைப்பிடி ஓரத்தில் ஓரிடம் தொளதொளவென்று மடங்கியது. மேல் உறையில் ஒரு கீறல் இல்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தது. எப்போது அறுந்ததோ, எத்தனை வீடுகளில் இதை நம்பிக் கை வைத்தாளோ. பையின் அடியில் கிடந்த பழைய டெஸ்டரைத் தேடி எடுத்தாள். பிளக் பாயிண்டில் எரிந்தது. நடைக்கு வந்து அவன் மாட்டிய நீலக் கம்பியில் வைத்தாள். அதுவும் எரிந்தது, நல்ல சிவப்பாக.

பாய்லர் சுவிட்சுக்கும் இந்தப் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லாமல், பக்கத்தில் இருக்கிறதே என்று லைட் இணைப்பிலிருந்து கம்பி இழுத்து டைமருக்குக் கொடுத்திருந்தான். டைமர் நின்றுபோயிருந்ததால் உள்ளே கரண்ட் ஓடுவது வெளியே தெரியவில்லை.

அவள் தன் கையைப் பார்த்தாள். நடுங்க வேண்டியது நடுங்கவில்லை. நெஞ்சு படபடக்கவில்லை. மூச்சு ஒரே சீராக இருந்தது. பயம் வந்து நிற்க வேண்டிய இடம் துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருந்தது. பயம் வரவில்லையே என்பதுதான் அவளுக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது.

மாமியார் கையிலிருந்த டார்ச்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை. வெளிச்சம் சுவரில் அங்குமிங்கும் அலைந்தது.

"தொட்டிருந்தா?"

"தூக்கி அடிச்சிருக்கும்."

"அடிச்சா?"

"சொல்ல முடியாது அத்தை. சில பேருக்கு ஒண்ணும் ஆகாது."

"சில பேருக்கு" என்றார் மாமியார். அப்படியே செருப்புப் பலகைமேல் உட்கார்ந்துவிட்டார். "அவன் போயும் உன்னைக் கொல்லப் பாக்கறான் பாரு. நாளைக்கு வரட்டும். ஏண்டி, உனக்கு ஒண்ணும் தோணலியா? இப்படி நிக்கற?"

"என்ன தோணணும்?"

"உன் இஷ்டம்னு நான் இப்ப சொன்னா உனக்கு எப்படி இருக்கும்?"

லைட் ஃப்யூஸையும் இறக்கினாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். மாமியாரும் எழுந்து கூடவே வந்தார். பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்தாள்.

"எரியுது" என்றார் மாமியார்.

நடைக்கு வந்தார்கள். நீலக் கம்பியில் வைத்தாள்.

"எரியல."

மறுபடி அடுப்படிக்கு.

"எரியுது. இப்ப கையை வை."

பிறகு வேலை தானாக நடந்தது. அவன் திணித்த கம்பிகளை வெளியே எடுத்தாள். லைட்டிலிருந்து வந்ததை வெட்டி, முனையைப் பத்திரமாக மூடினாள். பாய்லரின் சொந்த இணைப்பிலிருந்து வர வேண்டிய கம்பி அந்தப் பெட்டிக்குப் பின்னாலேயே டேப் சுற்றிக் கிடந்தது. முதலிலிருந்தே அங்கேதான் கிடந்திருக்கிறது, அவனுக்கு அது என்னவென்று தெரியவில்லை. அதன் முனைகளைச் சீவி, புது டைமரின் அடிப் பலகையில் ஃபேஸையும் நியூட்ரலையும் அதனதன் இடத்தில் செருகினாள். ஃபேஸிலிருந்து பக்கத்துத் துளைக்கு விரல் நீளத்தில் ஒரு குட்டி வயர். பாய்லருக்குப் போகிற கம்பி கடைசியில். ஒவ்வொன்றையும் இறுக்கிவிட்டு லேசாக இழுத்துப் பார்த்தாள். பல்லுத் தகடு இருந்த இடத்தில் இப்போது வெள்ளைப் பெட்டி உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் அதன் கண்ணாடியில் எண்கள் வந்தன.

"உனக்குத் தோதா வெச்சுக்கோ" என்றார் மாமியார். "காலையில எழுந்திருக்கும்போது கொஞ்சம், சாயங்காலம் வந்ததும் கொஞ்சம். பகல்ல வேண்டாம். யார் இருக்கப் போறா." சொல்லிவிட்டு டார்ச்சை அவள் கையில் கொடுத்துவிட்டுப் புடவை மடிக்கப் போய்விட்டார்.

காலை வைத்தாள். சாயங்காலம் வைத்தாள். நடுவில் பகலுக்கான இடத்தில் எண் இல்லாமல் வெறும் கோடுகள் மின்னிக்கொண்டிருந்தன. பத்து வீட்டில் எட்டு வீட்டுக்கு அதை அப்படியே விட்டுவிட்டு மூடியைப் போட்டிருக்கிறாள். விரல் பட்டன்மேல் இருந்தது. கூடத்திலிருந்து புடவை உதறும் சத்தம் வந்தது.

பட்டனை அமுக்கினாள். பத்து மணிக்குப் பற்ற வேண்டும், அவள் திரும்பி வரும்வரை எரிய வேண்டும், வார நாள் எல்லாவற்றுக்கும். ஏன் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. விரல்தான் செய்தது. மூடியை அழுத்தினாள்.

*

வெள்ளிக்கிழமை காலையில் மாமியார் வழக்கம்போல டீ டம்ளரோடு வந்து நின்றார். வீடு கதகதப்பாக இருந்தது. அவள் பழைய டெஸ்டரைப் பிளக் பாயிண்டில் வைத்தாள்.

"எரியுது" என்றார் மாமியார். 'கிளம்பு' வரவில்லை. "இன்னைக்குக் கிளம்பறது நான்தானே" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். "பாத்துப் போங்க அத்தை" என்று அது சொல்லிவிட்டது. மாமியார் தலையை ஆட்டினார். அவள் படி இறங்கினாள்.

அன்று முதல் வீடு ஒரு கணவன் மனைவியுடையது. காலையில் எப்போது ஹீட்டர் போட வேண்டும் என்பதில் அவர்களுக்குள் ஒத்துவரவில்லை. "இவருக்கு அஞ்சு மணிக்கே எழுந்து என்ன கிழிக்கணும்னு கேளுங்க" என்று மனைவி அவளிடம் பஞ்சாயத்து வைத்துக்கொண்டிருந்தார். அவள் சுவரைப் பார்த்து நின்று கம்பி சீவிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"நான்தான்" என்றார் மாமியார். "நீ போட்ட டைமர் கோளாறு பண்ணுது."

"என்ன பண்ணுது?"

"நீ போனதும் ஒழுங்கா நின்னுச்சு. இப்ப திடீர்னு டக்குன்னு ஒரு சத்தம், பாய்லர் ஓட ஆரம்பிச்சுடுச்சு. இவன் வந்து உக்காந்திருக்கான், பெட்டியெல்லாம் வாசல்ல இருக்கு. ஆள் இல்லாத வீட்டுல நாள் பூரா எரிஞ்சா எப்படி? எதை அமுக்கணும்னு சொல்லு, நிறுத்திட்டுப் போறேன்."

பின்னாலிருந்து கணவனின் குரல் கேட்டது. "அவளுக்கு வீட்டு வயரிங் எங்கம்மா தெரியும். தள்ளு, நான் பாக்கறேன்."

"நீ பாத்த லட்சணத்தை நேத்து நாங்க பாத்தாச்சு. உக்காரு" என்றார் மாமியார் அவனிடம். பிறகு போனில், "சொல்லு, எதை அமுக்கணும்?"

"எதையும் அமுக்காதீங்க அத்தை. கோளாறு இல்ல."

"பின்ன?"

"நான்தான் வெச்சேன்."

போனுக்குள் ரேடியேட்டர் சூடேறும் சின்னச் சத்தம் கேட்பது போல இருந்தது. அது அவள் நின்றிருந்த வீட்டுடையதாகவும் இருக்கலாம்.

"இன்னைக்கு மட்டுமா?"

"வார நாள் எல்லாத்துக்கும்."

"எதுவரைக்கும்?"

"நான் வர்ற வரைக்கும்."

"இதை வாயால சொன்னா என்னடி?"

"வரல அத்தை." அவளுக்குத் தெரிந்த வரையில் அது உண்மை.

மாமியாரின் குரல் போனைவிட்டுத் தள்ளிப் போனது. "டேய், டைமர்ல கோளாறு இல்லையாம். அந்தப் பெட்டிய எடுத்து உள்ள வை."

"எதுக்கும்மா? டாக்சி நிக்குது."

"நிக்கட்டும். அதுல நீ போ. பெட்டிய முதல்ல வை, பாரமா இருக்கு, என்னால தூக்க முடியாது."

ஏதோ எதிர்ப்பேச்சு, அதற்கு மேல் மாமியாரின் பேச்சு, பிறகு தரையில் பெட்டி இழுபடும் சத்தம். அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். ஏதாவது வரும் என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். வீட்டுக்கார அம்மாள், "எங்க வீட்டுல பகல்ல யாரும் இருக்க மாட்டோம், அதையும் வெச்சுக்குங்க" என்றார். அவள் தலையாட்டினாள்.

"இருக்கியா?" மாமியார் திரும்ப வந்தார்.

"இருக்கேன்."

"வேலையில இருக்கியா? குச்சியை வெச்சுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. பையிலிருந்து எடுத்து, அந்த வீட்டுப் பிளக் பாயிண்டில் வைத்தாள். சிவப்பு விளக்கு வந்தது.

"எரியுது அத்தை."

"அப்ப வேலையப் பாரு" என்று மாமியார் போனை வைத்தார்.